அக்காவும் தங்கையும் சேர்ந்து ஒரு நகைச்சுவை நாவல் எழுத முடியுமா?

நீங்களும் உங்கள் அக்காவும் பாட்டி வீட்டை வைத்து ஒரு நகைச்சுவை நாவலைத் தொடங்கி மூன்று அத்தியாயம் முடித்திருக்கிறீர்கள். படித்துப் பார்த்த தோழி, "இந்தப் பத்தி நீ எழுதினது, இது உன் அக்கா எழுதினது என்று தனித்தனியாகத் தெரிகிறது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் மனத்தாங்கல். அக்கா தங்கை சேர்ந்து நாவல் எழுதியதற்கு முன்னுதாரணம் உண்டா, அவர்கள் வேலையை எப்படிப் பிரித்துக்கொண்டார்கள், இரண்டு பேர் எழுதினால் ஒரே குரலாக வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். ஆனால் ஆளுக்கு ஒரு பத்தி என்று எழுதி ஒட்டினால் வராது. ஏன் என்று சொல்வதற்கு முன் இரண்டு ஜோடிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் முப்பது வருடம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தியவள். பாடத்திட்டத்தில் இவர்கள் ஒருநாளும் வந்ததில்லை. நூலகத்தில் நானாகத் தேடிப் படித்தேன். இன்றைக்கும் மனசு சரியில்லாத நாளில் கை தானாக இவர்கள் புத்தகத்துக்குத்தான் போகும்.

முதல் ஜோடி உடன்பிறந்தவர்கள். மேரி ஃபிண்ட்லேட்டர், ஜேன் ஃபிண்ட்லேட்டர். மேரி 1865-ல் பிறந்தவர், ஜேன் அடுத்த வருடம். ஸ்காட்லாந்தின் மலைப்பக்கம் லாக்ஏர்ன்ஹெட் என்ற சின்ன ஊரில் அப்பா பாதிரியார். சேர்ந்து எழுதுவது அந்த வீட்டுக்குப் புதிதே இல்லை. அவர்களுடைய அம்மா சாராவும் பெரியம்மா ஜேன் போர்த்விக்கும் ஜெர்மன் கீர்த்தனைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1854 முதல் 1862 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டவர்கள். 'பீ ஸ்டில் மை சோல்' என்ற பாட்டை நம் ஊர் ஆங்கில ஆராதனைகளிலும் கேட்டிருப்பீர்கள். அதை ஆங்கிலத்தில் தந்தவர் அந்தப் பெரியம்மாதான். ஒரே மேசையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து எழுதுவதைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1886-ல் அப்பா இறந்துபோனார். குடும்பம் எடின்பரோவுக்குப் பக்கத்தில் பிரெஸ்டன்பான்ஸ் என்ற ஊருக்கு வந்தது. கையில் காசில்லை. ஜேன் தன் முதல் நாவலை மளிகைக்கடைத் தாளில் எழுதினார். 1896-ல் வெளிவந்த அந்த நாவல் நன்றாகப் போனது, குடும்பம் மூச்சு விட்டது. அப்புறம் இருவரும் தனித்தனியாகவும் எழுதினார்கள், சேர்ந்தும் எழுதினார்கள்.

உங்களுக்கு வேண்டியது 1904-ல் வந்த 'தி அஃபேர் அட் தி இன்'. எழுதியவர்கள் நான்கு பேர்: இந்தச் சகோதரிகள் இருவர், அமெரிக்கத் தோழி கேட் டக்ளஸ் விக்கின், ஆலன் மெக்காலே என்ற ஆண் பெயரில் எழுதிவந்த ஷார்லட் ஸ்டூவர்ட். இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டில் ஒரு விடுதி. அங்கே வந்து தங்கும் நான்கு பேர் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். துடிப்பான அமெரிக்கப் பெண்ணை விக்கின் எழுதினார். மோட்டார் காரோடு வரும், பெண்களைக் கண்டால் எட்டப் போகும் ஸ்காட்லாந்துப் பிரபுவை மெக்காலே எழுதினார். எந்நேரமும் தன் உடம்பைப் பற்றியே கவலைப்படும் திருமதி மெக்கில் என்ற விதவையை மேரி எழுதினார். அந்த அம்மாளிடம் சம்பளத்துக்குத் துணையாக இருக்கும் சிசிலியா என்ற பெண்ணை ஜேன் எழுதினார்.

இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வாழ்நாள் முழுக்கக் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் வாழ்ந்த இரண்டு சகோதரிகள். தாளில் ஒருத்தி முதலாளியம்மா ஆகிறாள், இன்னொருத்தி அவளிடம் மாட்டிக்கொண்ட துணைப்பெண் ஆகிறாள். முதலாளியம்மா தன் பக்கத்தில் தான் எவ்வளவு பொறுமைசாலி என்று சொல்லிக்கொள்கிறாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் அந்தப் பொறுமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் நாள் எப்படிப் போனது என்று தெரிகிறது. சிரிப்பு மேரியின் வாக்கியத்திலும் இல்லை, ஜேனின் வாக்கியத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரே ஆள் எழுதினாலும் இந்த உத்தியைச் செய்யலாம்தான். ஆனால் எதிராளி எங்கே குத்துவாள் என்று சின்ன வயதிலிருந்தே தெரிந்த இருவர் எழுதும்போது அதில் ஒரு விறுவிறுப்பு வந்துவிடுகிறது.

உங்கள் தோழி குறையாகச் சொன்னது இங்கே பலமாகிவிட்டதைக் கவனித்தீர்களா? யார் எழுதியது என்று தெரிந்தாலும் பரவாயில்லை, தெரியத்தான் வேண்டும். குரல் வேறாக இருப்பதற்குக் கதைக்குள்ளேயே காரணம் இருக்கிறது. பாத்திரங்களைப் பங்கு போட்டுக்கொள்வதுதான் சேர்ந்து எழுதுவதில் ஆக எளிய வழி. பழகுவதற்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் இதற்கு ஒரு வரம்பு உண்டு. கதை நீள நீள ஒவ்வொருவரும் தன் பாத்திரத்துக்கு வக்கீலாகிவிடுவார்கள். விடுதியில் சில நாள் தங்கும் கதைக்கு இது பொருந்தும். நாற்பது வருடம் ஒரு கூட்டுக்குடும்பம் வாழ்ந்த பாட்டி வீட்டுக்குத் தாங்குமா என்பது சந்தேகம்.

நான்கு வருடம் கழித்து, 1908-ல், அதே சகோதரிகள் 'கிராஸ்ரிக்ஸ்' எழுதினார்கள். இரண்டு பேர் எழுத்தை ஒட்டிய தையல் அதில் கண்ணில் படாது. எடின்பரோவுக்கு எட்டும் தூரத்தில் ஒரு கிராமம். அலெக்ஸ் என்று கூப்பிடப்படும் அலெக்ஸாண்ட்ரா, அவளுடைய அப்பா. சைவ உணவுதான் உலகத்தைக் காக்கும் என்று நம்பும் மனிதர், வீட்டில் பணமில்லை என்பது மட்டும் அவர் மனதில் பதியவே பதியாது. கணவனை இழந்த அக்கா கனடாவிலிருந்து ஐந்து பிள்ளைகளோடு வந்து இறங்குகிறாள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். சோற்றுக்கு வழி பண்ணுவது அலெக்ஸின் தலையில் விழுகிறது. கண் தெரியாத ஒரு கிழ அட்மிரலுக்குப் புத்தகம் படித்துக் காட்டிச் சம்பாதிக்கப் போகிறாள். அந்த அப்பாவைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், ஆனால் அவர் மேல் கோபமே வருவதில்லை. வறுமையை நேரில் பார்த்த இரண்டு பெண்கள், பணத்தைப் பற்றி யோசிக்காத ஓர் ஆண்பிள்ளையை இவ்வளவு பிரியத்தோடு எழுதியிருக்கிறார்களே என்று நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். பல வருடம் மறந்துபோயிருந்த அந்த நாவலை 1986-ல் லண்டனின் விராகோ பதிப்பகம் மறுபடி அச்சில் கொண்டுவந்தது.

தையல் தெரியாமல் எழுதுவது எப்படி என்பதை இரண்டாவது ஜோடியிடம்தான் தெளிவாகப் பார்க்கலாம். இவர்கள் கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழியில் வந்தவர்கள். நம் கணக்கில் தூரத்து அக்கா தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர் ஈடித் சாமர்வில், 1858-ல் பிறந்தவர், அயர்லாந்தின் தெற்கே கார்க் மாவட்டத்தில் கேசில்டவுன்ஷெண்ட் என்ற கடலோர ஊர்க்காரர். இளையவர் வயலெட் மார்ட்டின், 1862-ல் பிறந்தவர், மேற்கே கால்வே மாவட்டத்து ராஸ் என்ற பெரிய வீட்டுப் பெண். ஊர்ப்பெயரைச் சேர்த்து மார்ட்டின் ராஸ் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். 1886 ஜனவரியில்தான் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். ஈடித்துக்கு அப்போது 27 வயது. மூன்றே வருடத்தில் முதல் நாவல் வெளிவந்தது.

அந்த முதல் நாவலை வீட்டில் யாரும் மதிக்கவில்லை. இரண்டு பெண்களும் எங்கேயோ மூலையில் உட்கார்ந்து என்னமோ கிறுக்குகிறார்கள் என்று கேலி. டென்னிஸுக்கும் படகுக்கும் ஆள் குறைந்தால் இவர்களைத் தேடி இழுத்துக்கொண்டு போவார்கள். குடும்பப் பெயர் அட்டையில் வரக் கூடாது என்று வேறு எதிர்ப்பு. அதனால் ஈடித் தன் முன்னோரில் ஒரு பெண்ணின் பெயரை எடுத்து கெய்ல்ஸ் ஹெர்ரிங் என்று போட்டுக்கொண்டார். புத்தகத்துக்கு நல்ல பெயர் கிடைத்ததும் அடுத்த பதிப்பில் சொந்தப் பெயர் வந்துவிட்டது.

எப்படி எழுதினார்கள்? மார்ட்டின் இறந்தபின் ஈடித் எழுதிய நினைவுக் குறிப்பில் இதைச் சொல்லியிருக்கிறார். எல்லாமே பேச்சுதான். ஒருத்தி ஒன்று சொல்வாள். சில நேரம் இருவரும் ஒரே சமயத்தில் சொல்வார்கள். அதைப் பற்றி வாதம் நடக்கும், மறுப்பு வரும், திருத்தம் வரும். பிறகு அந்த நேரத்தில் பேனா தற்செயலாக யார் கையில் இருக்கிறதோ அவர் எழுதுவார். எழுதியதை அடிப்பார்கள், மறுபடி எழுதுவார்கள். பேனா பிடித்தது யார் என்று ஊரெல்லாம் கேட்டது. ஈடித்துக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. பேனா பிடித்த கைக்கும் வாக்கியத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் அவர் கட்சி.

நகைச்சுவைக்கு இந்த முறை ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றால், தனியாக எழுதுகிறவருக்குத் தான் எழுதியது சிரிப்பை வரவழைக்குமா என்று தெரியவே தெரியாது. நாலாவது முறை படிக்கும்போது எந்த நகைச்சுவையும் செத்துப்போனதுபோல் தோன்றும். பக்கத்தில் இன்னொருத்தி இருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அவள் சிரிக்கவில்லை என்றால் வாக்கியம் சரியில்லை, அவ்வளவுதான். இதில் அக்கா தங்கைக்கு இன்னொரு வசதியும் உண்டு. சிரித்ததுபோல் பாவனை செய்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள், என் கணக்கில் இதுதான் பெரிது. காதில் விழுந்த பேச்சையெல்லாம் நோட்டுகளில் குறித்துவைத்தார்கள். சந்தையில் கேட்டது, வாசலுக்கு வந்தவர் சொன்னது, சமையல்கட்டில் நடந்த வாக்குவாதம், எல்லாம் பேசியவர் வாயில் வந்த வரிசையிலேயே. கதையில் வரும் பேச்சில் பலவும் இப்படிச் சேமித்தவை. போதாததற்கு, கொள்ளுத்தாத்தா வழிவந்த உறவுக்கூட்டத்துக்குள் மட்டும் புழங்கிய சொற்களைச் சேர்த்து ஓர் அகராதியே தொகுத்தார்கள். வெளியாளுக்கு ஒன்றும் புரியாது. ஒவ்வொரு பெரிய குடும்பத்திலும் இப்படி நாற்பது ஐம்பது சொல்லாவது இருக்கும், இல்லையா? எங்கள் வீட்டில் 'விருதுநகர் நியாயம்' என்று ஒன்று உண்டு. என் சித்தப்பா ஒருவர் அந்த ஊரில் பங்கு பிரித்த கதையிலிருந்து வந்தது. இந்த இரண்டு சொல்லைத் தங்கை போனில் சொன்னால் போதும், பத்து நிமிடம் இருவரும் சிரிப்போம். உடன்பிறந்தவர்கள் எழுத உட்காரும்போது இப்படி ஒரு மூலதனம் கையிலிருக்கிறது. அதை அப்படியே தாளில் போட்டால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது என்பதுதான் சிக்கல். உங்கள் மூன்று அத்தியாயத்திலும் பாதி நகைச்சுவை இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அந்தச் சிக்கலை இவர்கள் தீர்த்த விதத்தைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1898 கோடையில் பிரான்சின் எட்டாப்ல் என்ற கடலோர ஊரில் இருந்தபோது ஒரு விளையாட்டு இதழுக்காகச் சில வேடிக்கைக் கதைகளைத் தொடங்கினார்கள். ஈடித் பாரிஸில் ஓவியம் படித்தவர், படங்களையும் அவரே வரைந்தார். அந்த வருடம் அக்டோபரிலிருந்து 'பேட்மின்டன் மேகசின்' இதழில் கதைகள் வந்தன. 1899-ல் 'சம் எக்ஸ்பீரியன்ஸஸ் ஆஃப் ஆன் ஐரிஷ் ஆர்.எம்.' என்று புத்தகமாயிற்று. ஆர்.எம். என்றால் ரெசிடென்ட் மாஜிஸ்ட்ரேட், அரசாங்கம் நியமித்து அனுப்பும் நீதிபதி. கதை முழுவதையும் 'நான்' என்று சொல்பவர் மேஜர் சின்க்ளேர் யேட்ஸ், ராணுவத்திலிருந்து வந்தவர், விதிமுறையை நம்புகிறவர், அந்த வட்டாரத்துக்குப் புதியவர்.

யோசித்துப் பாருங்கள். எழுதியவர்கள் இரண்டு பெண்கள். அந்த மண்ணில் பிறந்தவர்கள், குதிரையேற்றத்தில் கெட்டிக்காரர்கள், ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்று விரல்நுனியில் வைத்திருந்தவர்கள். கதை சொல்பவரோ இதில் எதுவுமே தெரியாத ஓர் ஆண். இருவரில் யாருடைய சாயலும் அவருக்கு இல்லை. அதனால்தான் "இது என் வாக்கியம், அது உன் வாக்கியம்" என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. ஒரு வாக்கியம் சரியா தப்பா என்பதற்கு ஒரே கேள்விதான்: மேஜர் இப்படிச் சொல்வாரா? ஈடித்தும் தோற்கவில்லை, மார்ட்டினும் தோற்கவில்லை. இருவரும் மூன்றாவது ஓர் ஆளுக்காக வேலை செய்தார்கள். வீட்டுக்குள் புழங்கும் வேடிக்கையும் வாசகருக்குப் புரிந்துவிடுகிறது. ஏனென்றால் மேஜருக்கும் எதுவும் புரியாது, அவருக்கு யாராவது விளக்கித்தானே ஆக வேண்டும்.

ஒரு கதையைச் சொல்கிறேன். மேஜருக்கு வீடு வாடகைக்கு விட்டவர் ஃப்ளரி நாக்ஸ். குதிரை வியாபாரத்தில் புலி. மேஜருக்கு ஒரு குதிரைக்குட்டி தருவதாக ஒப்புக்கொள்கிறார். உண்மையில் அது ஃப்ளரியின் பாட்டியுடையது. பிறந்தநாளுக்குத் தருகிறேன் என்று பாட்டி சொல்லிவிட்டு ஒருநாளும் தந்தபாடில்லை. சரி, நாமே எடுத்துக்கொள்வோம் என்று பேரன் முடிவுசெய்கிறார். விஷயம் முழுதாகத் தெரிவதற்குள் மேஜர் அதில் கூட்டாளியாகிவிடுகிறார். திருட்டுக் குதிரையை மறைக்க ஒரு மணற்குழியில் அதைப் பாதி புதைத்துவைக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துப் பாட்டி வருகிறாள். மாவட்டத்தின் நீதிபதி முட்புதருக்குள் பாய்ந்து ஒளிகிறார். பாட்டியின் நாய் அவரை மோப்பம் பிடித்துவிடுகிறது.

இதை ஈடித்தோ மார்ட்டினோ தங்கள் குரலில் சொல்லியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும், ஆனால் ஊர்க்கதையாக நின்றிருக்கும். முள் குத்திக்கொண்டே, தன் பதவியை நினைத்துக்கொண்டே, நாயின் மூக்கை இரண்டடி தூரத்தில் பார்த்துக்கொண்டே ஒரு கண்ணியமான மனிதர் சொல்லும்போதுதான் வயிறு வலிக்கிறது. பாட்டி கடைசியில் என்ன செய்கிறாள் என்று நான் சொல்லமாட்டேன். 'ட்ரிங்கெட்ஸ் கோல்ட்' என்பது கதையின் பெயர், தேடிப் படியுங்கள்.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். கதைகள் இதழில் வரத் தொடங்கிய சில வாரத்தில், 1898 நவம்பரில், வேட்டைக்குப் போன இடத்தில் மார்ட்டின் குதிரையிலிருந்து விழுந்து கடுமையாக அடிபட்டார். பல வருடம் உடம்பு தேறவில்லை. அந்தப் புத்தகத்தின் பெரும்பகுதி அப்படிப்பட்ட வலியோடு எழுதப்பட்டது. படிக்கும்போது அதன் நிழல்கூடத் தெரியாது. கூட ஓர் ஆள் இருந்ததால்தான் அது முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

இவர்கள் மேல் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இருவரும் நிலப்பிரபுக் குடும்பத்துப் பெண்கள். வேலைக்காரர், குடியானவர் பேச்சை வேடிக்கையாகக் காட்டிப் பணக்காரரைச் சிரிக்கவைத்தார்கள் என்று அயர்லாந்திலேயே பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கதைகளைக் கவனமாகப் படித்தால், முடிவில் அசடு வழிய நிற்பவர் பெரும்பாலும் மேஜர்தான். வீட்டை நடத்தும் சமையல்காரம்மா கடோகனும், ஊர்சுற்றி ஸ்லிப்பரும் அவரைவிடப் புத்திசாலிகள். உங்கள் பாட்டி வீட்டிலும் பத்துப்பாத்திரம் தேய்க்க வந்தவர், மாடு பார்த்துக்கொண்டவர் எல்லாரும் கதையில் வருவார்கள் அல்லவா? அவர்கள் பேச்சுத் தமிழைப் பார்த்து வாசகர் சிரிக்கிறாரா, அவர்கள் சொன்ன விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கிறாரா என்று ஒவ்வொரு இடத்திலும் பாருங்கள். முதலாவது என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் நாவலுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பது 'நாங்கள்' என்ற குரலில் என்று சொல்கிறீர்கள். அங்கேதான் தோழி பிரித்துப் பார்த்துவிட்டார். உங்கள் அக்காவுக்குப் பத்து வயதில் நடந்தது உங்களுக்கு ஆறு வயதில் நடந்தது. ஒரே திண்ணை, இரண்டு உயரம். இருவரையும் ஒரு 'நாங்க'ளுக்குள் அடைத்தால் யாருக்கும் இடம் போதாது. அந்த 'நாங்க'ளை விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவாருங்கள். பாட்டி வீட்டு மாடியில் வாடகைக்கு ஆள் இருந்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றலாகி வந்த வங்கி மேலாளர் ஒருவர். கணக்கில் ஒரு பைசா பிசகக் கூடாது என்பவர். குடும்பத்தைக் கொண்டுவருவதற்குள் ஆறு மாதம் தனியாக இருக்கிறார். கீழே உங்கள் பாட்டி ராஜ்ஜியம். இரவில் கிணற்றடியில் ஏன் விளக்கு எரிகிறது, பெரியம்மாவும் அத்தையும் ஏன் ஒரே சமையல்கட்டில் இரண்டு ரசம் வைக்கிறார்கள், தாத்தா செத்துப் பதினைந்து வருடமான பின்னும் அவர் பெயரில் ஏன் பேப்பர் வருகிறது, எதுவும் அவருக்குப் புரியாது. நீங்களும் அக்காவும் அவர் கண்ணில் இரண்டு வாலுகள்.

இதை ஒரு பரீட்சையாகச் செய்து பாருங்கள். இரண்டு ரசக் காட்சியை முதலில் அக்கா எழுதட்டும், நீங்கள் தனியாக எழுதுங்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல். பிறகு இரண்டையும் மூடிவைத்துவிட்டு, மேலாளர் மாடிப்படியில் நின்று பார்ப்பதாக, ஒரே மேசையில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசிக்கொண்டே எழுதுங்கள். பேனாவைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். செல்போனில் பேசி அனுப்பிக்கொள்வது இந்த ஒரு காட்சிக்கு வேண்டாம். மூன்றாவது பிரதியைத் தோழியிடம் கொடுத்து யார் எழுதியது என்று கேளுங்கள். முதல் இரண்டிலிருந்து நல்ல வரிகள் நிறைய அதில் வந்திருக்கும், ஆனால் அவராலும் சொல்ல முடியாது.

ஒருவர் ஊர் மாறிப்போனால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள், அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதால். மறைத்துச் சொல்வானேன், நின்றுபோன ஜோடிகளும் உண்டு. எமிலி ஜெரார்ட், டோரதியா ஜெரார்ட் என்ற ஸ்காட்லாந்துச் சகோதரிகள் இ.டி.ஜெரார்ட் என்ற ஒரே பெயரில் 1880, 1882, 1885 என்று மூன்று நாவல் எழுதினார்கள். 1886-ல் டோரதியாவுக்குக் கல்யாணம் ஆனபின் இருவரும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் எழுதினார்கள். ஆனால் சாமர்வில்லும் மார்ட்டினும் பல வருடம் அயர்லாந்தின் இரண்டு மூலையில் இருந்தவர்கள்தான். மார்ட்டின் அம்மாவோடு ராஸ் வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1906-ல் அம்மா இறந்தபின்தான் ஈடித் வீட்டோடு வந்தார். அதுவரை கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள், சந்திக்கும்போதெல்லாம் உட்கார்ந்து எழுதினார்கள். அந்தக் கடிதங்களே பின்னால் புத்தகமாக வந்தன. 1912-ல் மார்ட்டின் ஒரு பாழடைந்த மாளிகையைப் போய்ப் பார்த்துவிட்டு ஈடித்துக்கு எழுதினார். மார்ட்டின் 1915-ல் இறந்துபோனார். பத்து வருடம் கழித்து, 1925-ல், அந்தக் கடிதத்திலிருந்து 'தி பிக் ஹவுஸ் ஆஃப் இன்வர்' என்ற நாவலை ஈடித் எழுதினார். அட்டையில் இரண்டு பெயரும் இருந்தன. கடைசிவரை அவர் அப்படித்தான் போட்டார், மார்ட்டின் இன்னும் தன்னோடு சேர்ந்து எழுதுகிறார் என்றே நம்பினார்.

அதனால் அக்கா போகும் ஊரில் நடப்பதை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மாமியார் வீட்டுப் பேச்சு, அடுத்த வீட்டுக்காரர் சொன்னது, எதுவானாலும் கேட்ட மாதிரியே. குரல் பதிவாக அனுப்பினாலும் சரி, ஆனால் யாராவது ஒருவர் அதை நோட்டில் எழுதிவைக்க வேண்டும். பாட்டி பேசுவதை நீங்கள் எழுதுங்கள். 88 வயதில் இன்னும் கணீரென்று பேசுகிறார் என்று சொன்னீர்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

யார் பெயர் அட்டையில் முதலில் வரவேண்டும் என்ற சண்டையை இப்போதே தீர்த்துவிடுங்கள். வயதுப்படியோ அகரவரிசைப்படியோ சீட்டுக் குலுக்கியோ, எதுவானாலும் சரி. இல்லையென்றால் சுபா மாதிரி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பெயர். சுரேஷும் பாலகிருஷ்ணனும் அந்த ஒரே பெயரில் எத்தனை நாவல் எழுதினார்கள், வாசகர் யாரும் எது யாருடைய வரி என்று கேட்டு நிற்கவில்லையே. பணம் வந்தால் சரிபாதி என்பதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஒரு வரியை அக்கா வேண்டாம் என்றால் அது வேண்டாம், நீங்கள் வேண்டாம் என்றாலும் அப்படியே. அந்த வரி போனதால் நாவல் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் காரணம் சொல்லவேண்டும், மேலாளர் இப்படிச் சொல்லமாட்டார் என்ற அளவுக்காவது.

பெரியம்மா தன்னை அடையாளம் கண்டுகொண்டு கோபித்துக்கொள்வார் என்ற பயம் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு ரசத்தையும் மேலாளருக்கு ஊற்றி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்க வையுங்கள். பெரியம்மாவுக்கு அந்த இடம் பிடித்துப்போகும்.

மூன்று அத்தியாயத்தையும் கிழிக்க வேண்டாம், அதில் இருக்கும் பேச்செல்லாம் வேண்டியிருக்கும். அதை ஓர் உறையில் போட்டு வைத்துவிட்டு முதல் அத்தியாயத்தை மறுபடி தொடங்குங்கள். மேலாளர் ஒரு டிரங்குப் பெட்டியும் சுருட்டிய படுக்கையுமாக ஜட்காவிலோ ஆட்டோவிலோ வந்து இறங்குகிறார். எந்த வருடம் என்பதை வைத்து அதை நீங்களே முடிவுசெய்யுங்கள். வாசலில் அவர் முதலில் யாரைப் பார்க்கிறார், அந்த ஆள் அவரிடம் என்ன கேட்கிறார் என்பதை இருவரும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசுங்கள்.